ஜீப்பு விற்பனைக்கு இல்லை

போடிநாயக்கனூர்
கார்த்திகை 12, 1984

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் மனைவி பொன்னுமணி வணக்கத்தோடு எழுதுகிறேன். இங்கே நானும் அத்தையும் ஜீப்பும் சுகமாக இருக்கிறோம். அங்கே சவுதியில் உங்கள் கண் எரிச்சல் தீர்ந்ததா? மணல் காற்றில் லாரி ஓட்டும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டுமாம், அத்தை எழுதச் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தை பிறந்தால் இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனிக்காரர் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார், ஜீப்பு எஞ்சின் இனித் தாங்காது, அதை விற்றுவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அத்தை தானே உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கிச் சாப்பிட்டார்கள். ஜீப்பு போய்விட்டால் நீங்களும் வரமாட்டீர்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

எஞ்சின் தாங்காது என்று அங்கே இருந்துகொண்டு எப்படிச் சொல்கிறீர்கள்? அதைத் தினமும் பார்க்கிறவள் நான். காலையில் உங்கள் சின்னம்மா மகன் சோலைமலை சாவி கேட்டு வந்ததும் முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவு பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அடுப்படிச் சுவரில் பால் கணக்குக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைக்கிறேன் அல்லவா, அதற்குப் பக்கத்திலேயே ஆயிலுக்கும் கோடு போட்டு வருகிறேன். நாலு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கிறது. ஒரு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய எஞ்சினுக்கு இது ஒன்றும் பெருந்தீனி இல்லை. ஆயிலை இரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிவிட்டுப் போனீர்கள். குரங்கணி மலை ஏற்றத்தை நினைத்து நான் ஆயிரத்து ஐந்நூறிலேயே மாற்றிவிடுகிறேன்.

சோலைமலைக்குத்தான் பொறுமை கிடையாது. “மதினி, வெரசா விடுங்க, ஏலக்காய்க் காட்டுக்குப் போற பொம்பளைக எல்லாம் ரோட்டுல நின்னு கத்துறாக” என்று குதிப்பான். கத்தட்டும். நான் ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மலை ஏறி இறங்கி வந்தாலும் பட்டென்று அணைக்கக் கூடாது. ஆவணியில் ஒரு கடைக்காரர் மலிவாக ஒரு டின் ஆயில் கொடுத்துவிட்டார். இட்லி மாவுக்குப் பதம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலில் தேய்த்தேன், தண்ணீராக வழிந்தது, கருகின வாடை வேறு. யாரோ வண்டியிலிருந்து இறக்கிப் போட்ட பழைய ஆயில்! நானே தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இனி, விற்கிற கதைக்கு வருகிறேன். சோலைமலைக்கும் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறீர்கள், அவன் அதை என்னிடமே படித்துக் காட்டினான். அவன் ராசிங்காபுரத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கிற வெள்ளைத்துரை அய்யாவிடம் பேசிவிட்டான். அவர் வருவதற்கு முன்பு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி வைக்க வேண்டும், கெட்டி ஆயிலாக ஊற்றி வைத்தால் புகை தெரியாது என்றெல்லாம் அவனுக்கு எழுதியிருக்கிறீர்களே, சவுதியில் போய் இதைத்தான் படித்தீர்களா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் சொன்னதற்கு எல்லாம் நேர்மாறாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வரச் சொன்னேன். பனியில் நின்று குளிர்ந்து கிடந்த வண்டியை அவர் கண் முன்னாலேயே சோலைமலையைக் கிளப்பச் சொன்னேன். நீலப் புகை குபுகுபுவென்று வந்தது பாருங்கள், எதிர்வீட்டு முனியாயி அக்கா கொடியில் கிடந்த சேலையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு ஆயில் குடிக்கும், சுவரில் கோடு போட்டுக் கணக்கே வைத்திருக்கிறேன், ஏற்றத்தில் முனகும் என்று எல்லாக் குறையையும் நானே அடுக்கினேன். மனிதர் பயந்து பஸ் ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் அசையவே இல்லை. புகை அடங்கும்வரை நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். அணைக்கச் சொல்லி, சற்றுப் பொறுத்து ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தார். கோடு போட்ட சுவரைக் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு என்னிடம், “விக்கிறவுக எல்லாம் சூடாக்கி வச்சுத்தான் காட்டுவாக. காலைப் புகையைக் காட்டுன ஆளு நீ ஒருத்திதான், ஆத்தா. இம்புட்டு நேர்த்தியா ஆயில் பார்த்த வண்டி எனக்கு வேற எங்க கிடைக்கும்?” என்று சொல்லி, நீங்கள் கேட்ட விலைக்கு மேலேயே தருவதாக வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை நீட்டிவிட்டார்.

பார்த்தீர்களா மாமா! கெடுக்கப் போய் நானே விற்றுவிட்டேனே! சோலைமலை வேறு மீசைக்குள் சிரித்துக்கொண்டு நிற்கிறான். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், “வண்டி விக்கிறதுக்கு இல்லைங்கய்யா. எங்க வீட்டுக்காரர் தை பிறந்ததும் வர்றாரு, அவரே ஓட்டுவாரு” என்று சொல்லிவிட்டேன். கடுதாசி போட்டிருக்காரா என்று கேட்டார். ஆமாம் என்றேன், கண் இமைக்கவில்லை. நல்ல மனிதர், கோபப்படவில்லை. காப்பி குடித்துவிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. முனியாயி அக்கா உங்களிடம் டார்ச் லைட் கேட்டிருக்கிறார்கள். சோலைமலை உங்களுக்கு வழிவிட்டு, தையிலிருந்து கம்பத்தில் லாரி ஓட்டப் பேசி முடித்துவிட்டான். அத்தை கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். நிஜமா என்று கேட்கவில்லை. பண்டிகைக்கு வைத்திருந்த வெல்லத்தை எடுத்து அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு ஓடு மாற்றத்தான் போனீர்கள். மாற்றி ஒரு மழைக்காலமும் போய்விட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகு எதற்கு இன்னும் இரண்டு வருடம்? எனக்கு நீங்கள் இல்லாமல் நன்றாக இல்லை. இதைவிட நாகரிகமாக எழுத எனக்கு வரவில்லை.

வெள்ளைத்துரை அய்யாவிடம் ஜீப்பைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் உண்மை. உங்களைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் பொய். அதை நீங்கள்தான் உண்மையாக்க வேண்டும். கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள், மாமா. மாரியாத்தா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
பொன்னுமணி