பெயரைச் சொன்னால் வந்துவிடுவானாம்

மைசூரு
நவம்பர் 4

அன்புள்ள மகள் ஜெசிகாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நீயும் மாப்பிள்ளை கிரிஸும் உன் வயிற்றிலிருக்கும் ஆறு மாதப் பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறவளுக்கு இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குக் கோபம் போய்விடும், இந்தக் கோபம் போகக்கூடாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்வீட்டு ஷெர்லியின் தம்பி பதினொன்றாம் தேதி உங்கள் ஊருக்குப் புறப்படுகிறான், அவன் கையில் பருப்புப்பொடியோடு இதுவும் வரும்.

நீ அங்கே மொபைலில் பார்க்கிற அதே பேய் சீரியலைத்தான் இங்கேயும் ஊரே பார்க்கிறது. அது தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் நம் மாதம்மா பாத்திரம் கழுவ வருகிறாள். அவளும் அப்பாவும் பார்ப்பார்கள், நான் கீரை ஆய்ந்துகொண்டே காதில் வாங்குவேன். போன மாதக் கடைசியில் வந்த அந்த ஒரு எபிசோடை மட்டும் முழுதாகப் பார்த்தேன், பார்த்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன். விபத்தில் செத்த ஒரு பையன், ஆயுசு முடியாமல் போனதால் அவனுக்கு மேலே இடமில்லையாம். கல்லறையில் நின்று யாராவது அவன் முழுப்பெயரை மூன்று தரம் சொன்னால் எழுந்து கூடவே வீட்டுக்கு வந்துவிடுவானாம். பெற்றவள் சொல்லிவிடுகிறாள். வந்தவன் நேரே கர்ப்பிணியான தங்கையின் வயிற்றுக்குள் புகுந்துகொள்கிறான். பிள்ளை பிறந்ததும் கண்ணைத் திறந்து, என்னை ஏன் கூப்பிட்டாய் என்று செத்தவன் குரலில் கேட்கிறது. அந்த இடத்தில் மாதம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள், அப்பா ரிமோட்டைத் தேடினார், அது அவர் மடியிலேயே இருந்தது.

முப்பத்திரண்டு வருடம் பிரசவ வார்டில் நின்றவள் நான், எனக்கே காட்டுகிறார்கள் பிரசவம். அப்போதுதான் பிறந்த பிள்ளையாம், கழுத்து நிற்கிறது, கீழே இரண்டு பல் வேறு. நர்ஸ் வேடம் போட்ட பெண் சிவப்பு நகப்பூச்சோடு, கையுறை இல்லாமல் தொப்புள்கொடி வெட்டுகிறாள். ட்ரிப்ஸ் பாட்டில் தொங்குகிறது, குழாய் தலையணைக்கு அடியில் போகிறது, குளுக்கோஸ் தலையணைக்குத்தான் ஏறியிருக்கும். என் கையில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுகூட என்னைக் கேள்வி கேட்டதில்லை, கத்தும், என் மேல் மூத்திரம் பெய்யும், அவ்வளவுதான். இன்னொன்று கவனித்தாயா, இவர்கள் பேய்க்கு எப்போதும் நம் கல்லறைதான் வேண்டும், சிலுவை, மெழுகுவர்த்தி, வெள்ளை அங்கி. எரிக்கிறவர்கள் வீட்டில் பேயே கிடையாதா என்று மாதம்மாவைக் கேட்டேன். அவள் மாதேஸ்வரன் மலைப் பக்கம் ஹனூர்க்காரி, எங்க பக்கமெல்லாம் மாதேஸ்வரன் பாத்துக்குவாருங்கக்கா, உங்க பக்கந்தான் காவலே இல்லீங்க என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

அவளையாவது விடலாம், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். நம் பங்குக் கோவில் ஜனங்களின் லட்சணத்தைக் கேள். கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயரை உறையில் போட்டுக் கோவில் ஆபீசில் கொடுப்போமே, ஃபாதர் கல்லறைத் தோட்டத்தில் மைக்கில் வாசிப்பாரே, போன வருடம் முக்கால் மணி நேரம் நின்று கால் கடுத்தது. இந்த வருடம் இருபது நிமிடத்தில் முடிந்தது. கிழவர் கிழவிகள் பெயரெல்லாம் வந்தது, எண்பது வயதில் போனவர்களைக் கூப்பிட யாருக்கும் பயமில்லை. சின்ன வயதில் போனவர்கள் பெயர்தான் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் நடத்துகிற டீச்சர், டெங்குவில் போன தன் சொந்த மகள் பெயரைக் கொடுக்கவில்லை. உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்லுகிற வாய்கள், ஒருவன் நிஜமாகவே எழுந்துவிடுவானோ என்றதும் மூடிக்கொண்டன. இவர்களை நினைத்துக் காறித் துப்பலாம் போலிருந்தது, புனித இடம் என்று பொறுத்துக்கொண்டேன்.

அப்படி நான் ஊரைப் பழித்துக்கொண்டு நின்றது நம் கல்லறை முன்னால். காலையிலேயே தேவராஜ மார்க்கெட் போய் மஞ்சள் சேவந்தி வாங்கி வந்து, கல்லைத் தேய்த்துக் கழுவி, உன் அண்ணன் டேவிஸ் பெயர் வெட்டிய இடத்தில் மாலையாகவே வைத்திருந்தேன். நஞ்சன்கூடு ரோட்டில் அந்த லாரி அவனைக் கொண்டுபோய் ஆறு வருடம், இருந்திருந்தால் முப்பத்திரண்டு வயது. ஃபாதர் நம் குடும்பப் பெயர்களுக்கு வந்தார், உன் தாத்தா பெயரை வாசித்தார், பாட்டி பெயரை வாசித்தார், அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். பக்கம் திருப்புகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா எரிந்துகொண்டிருக்கிற மெழுகுவர்த்தியை மறுபடி கொளுத்திக்கொண்டிருக்கிறார். உறை கொடுத்தவர் அவர். கேட்டதற்கு, ஜெசிதான் போன் பண்ணி வேண்டாம்னா மெட்டில்டா, வயித்துப்பிள்ளக்காரி பயப்படறா, சும்னே எதுக்கு ரிஸ்க்கு என்று கன்னடம் கலந்து இழுத்தார். முப்பது வருடம் அரசாங்க ஆபீசில் கையெழுத்துப் போட்ட மனிதர், பெற்ற பிள்ளையின் பெயரை ஒரு சீரியலுக்காக அடித்துவிட்டு வந்து நிற்கிறார்.

ஜெசி, நீ பத்தாம் வகுப்பு படிக்கிற வரைக்கும் கரண்ட் போனால் பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டாய். டேவிஸ் வெளியே நின்று பாட வேண்டும், பாட்டு நின்றால் உள்ளேயிருந்து நீ கத்துவாய். அவனுக்குப் பரீட்சை இருந்தாலும் நின்று பாடினான். பேய்க்குப் பயந்து யாரைத் துணைக்கு நிறுத்தினாயோ அவனையே பேயாக்கிவிட்டாய், இதற்கு அயர்லாந்தில் ஒரு வேலை, ஒரு எம்.டெக். வயிற்றுப்பிள்ளையைத் தேடி வருவது சர்க்கரையும் பிரஷரும்தானடி, தாய்மாமன் வரமாட்டான்.

அதனால் நானே சொன்னேன். டேவிஸ் அந்தோணி பர்னபாஸ் என்று, வார்டில் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற குரலில், மூன்று தரம். அப்பா என் கையைப் பிடித்தார், உதறினேன். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள், ஃபாதரே மைக்கை நிறுத்திவிட்டார். மூன்றாவது தரம் சொல்லிவிட்டு நின்றேன், காத்துக்கொண்டுதான் நின்றேன், அதை உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். கூட்டம் கலைந்தது, மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது, யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவனை நடக்கவிட்டிருப்பேனா, கேட்டிலேயே ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன்.

கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, சர்க்கரை டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதே, பிள்ளை அசைவதைத் தினமும் எண்ணு. நவம்பர் முழுக்க இறந்தவர்களுக்காக வேண்டுகிற ஆத்துமாக்கள் மாதம். இந்தக் கடிதம் கைக்கு வந்த ஞாயிறே உன் பங்குக் கோவிலில் அண்ணன் பெயரை நீயே எழுதிக் கொடுத்து, அவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்டுவிட்டு எனக்குப் போன் செய். அதுவரை அப்பாவோடு மட்டும் பேசு.

இப்படிக்கு,
டேவிஸுக்கும் உனக்கும் அம்மா,
மெட்டில்டா