பேர் வெட்டிய சொம்பு

புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை ஒரு வாசனை விடுமே, அது காலையிலிருந்து கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி காஞ்சிபுரத்துக்கே மாற்றல். நேற்றுதான் இந்த வீட்டுக்குக் குடிவந்தேன். நான் சொம்பு தேய்ப்பதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, அதில் வெட்டியிருந்த பேரைப் படித்துவிட்டு, "இது யாரும்மா? உன் பேர் இல்லியே" என்றார். அது உன் பேர். நீ போய்விட்டாய் என்று கார்டு வந்து ஒரு மாசம்தான் ஆகிறது.

பத்து வருஷம் முன்பு டெலிபோன் ஆபீஸ் வேலைக்காக முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் பாயும்தான். கட்டில், மேஜையோடு ஒரு அறை, என் சம்பளத்துக்குள் அடங்குகிற வாடகையில் வேண்டும். என்ன பேராசை! தெருவில் நெசவுக்குப் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருப்பார்கள். அதை ஒட்டி ஒதுங்கி நடந்துபோய் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "கூட யாரும்மா இருக்கறது?" யாரும் இல்லை என்றதும் காலியாயிருந்த மாடிக்கு எவரோ ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பார்கள்.

உன் அம்மா மட்டும் அதைக் கேட்கவில்லை. மாடி அறையைத் திறந்து காட்டினார். கட்டில், மெத்தை, கண்ணாடி வைத்த பீரோ, மேஜை, நாற்காலி, அடுக்கடுக்காகப் பாத்திரம். எல்லாப் பாத்திரத்திலும் ஒரே பேர். அது உன் கல்யாணச் சீர், உன்னோடு புருஷன் வீட்டுக்குப் போய் உன்னோடே திரும்பி வந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார் உன் அம்மா. மாப்பிள்ளை வந்து உன்னைக் கூட்டிக்கினு போனால் சாமானும் போய்விடும், அப்போது நானும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ மாடிக்கு வரவே மாட்டாய். கீழ்ப்படியில் ராட்டினத்தோடு உட்கார்ந்து இடது கையால் பட்டிழை சுற்றுவாய். வலது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. கேட்டதற்கு, அவங்க வீட்டுக் கதவு இடித்துவிட்டது என்றாய். கதவு அப்படி உடைக்காது என்று இருவருக்குமே தெரியும். ஆபீஸில் நாளெல்லாம் முகம் தெரியாதவர்களுக்கு லைன் கொடுத்துப் பேசவைத்துவிட்டு வருவேன். எனக்கென்று பேச இருந்தவள் நீ ஒருத்திதான்.

"என் கட்டில்ல உனக்குத் தூக்கம் வருதா?" என்று ஒருநாள் கேட்டுச் சிரித்தாய். "எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல."

அப்புறம் உன் புருஷன் வந்தார். பெரியவர்கள் நாலு பேரோடு, பழத்தட்டோடு. அன்றுதான் நீ முதல்முறையாக மாடி ஏறினாய். கட்டிலில் உட்காராமல் நின்றபடியே, "நீ சொல்லு. போவட்டுமா, வேணாமா?" என்றாய்.

போகாதே என்பது வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் என் கண் அந்தக் கட்டிலின் மேல் போயிற்று. அறை போய்விடுமே என்று தடுக்கிறாள் என நீ நினைத்துவிட்டால்? நீ நினைத்திருக்க மாட்டாய், நான்தான் என்னை நம்பவில்லை. பெரிய யோக்கியம் மாதிரி, "போம்மா, நல்லா இருப்பே" என்றேன். நீ இறங்கிப் போனாய்.

மறுநாள் சாமானெல்லாம் மாட்டுவண்டியில் ஏறியது. இந்தச் சொம்பை மட்டும் காலால் மூலைக்குத் தள்ளினாய், தண்ணி குடிக்க எனக்கு ஒன்று வேண்டுமில்லையா என்று. உன் மாமியார் எண்ணிப் பார்த்தால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். வழியில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாய். அதற்கும் அடி வாங்கினாயா, எனக்குத் தெரியாது. நீ எப்படிச் செத்தாய் என்று கார்டிலும் எழுதவில்லை. உன்னை அனுப்பிவைத்தது நான்தான், அது மட்டும் தெரியும்.

அதன்பின் எத்தனையோ அறை மாறிவிட்டேன். கட்டிலும் பாத்திரமும் வாங்கினேன். எதிலும் என் பேரை வெட்டவில்லை.

வீட்டுக்கார அம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். கூட யாரும் இல்லை என்று நேற்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"என்கூட இருக்கறவங்க பேரும்மா" என்றேன்.

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு கட்டில்தான் கிடந்தது.