ஒரு ஜாண் இடம்

என்னங்க,

கேட்டிலேயே நில்லுங்கள், உள்ளே போகாதீர்கள். எத்தனை தடவை கூப்பிட்டேன், காலையில் போட்ட சண்டைக் கோபத்தில் நீங்கள் போனை எடுக்கவே இல்லை. உங்கள் சாப்பாடு இந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிற கேரியரில் இருக்கிறது.

குளியலறைச் சுவரைக் குடைந்து அலமாரி வைத்தால் ஒரு ஜாண் இடம் மிச்சம் என்று நீங்களே சுத்தியலைத் தூக்கினீர்கள். "மாடி பாரமே இந்தச் சுவர் மேலதான் நிக்குது" என்று மேஸ்திரி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "அந்தாளு எல்லாத்துக்கும் பயப்படுவான்" என்றீர்கள்.

நேற்று அவர் அந்தச் சுவரில் விழுந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டியபோதும் சிரித்தீர்கள். "இது கிழிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். உடனே வெளிய வந்துடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் போய்ப் பார்த்தேன். நடுவில் கிழிந்திருக்கிறது.

பாப்பாவோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். மாடி வீட்டாரிடமும் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை, செருப்புகூடப் போடாமல் இறங்கிவிட்டார்கள்.

சாவி என்னிடம். மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டேன், அவர் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.

இன்னொன்று: இதுவரை எழுதிவிட்டுப் பூட்டத்தான் போனேன். வாசல் கதவு நிலையில் பொருந்தவில்லை. காலையில் பொருந்தியது. திறந்தபடியே விட்டு வந்திருக்கிறேன். திருடன் வந்தால் வரட்டும், நீங்கள் போகாதீர்கள்.