கம்பி மட்டும் இறங்கணும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தூறல். ஆனாலும் மலைக்குப் போனோம். சரிவில் மண் ஊறிக் கிடக்கிறது.

கொழுந்தன் இழுவை வண்டியைக் கெட்டியான இடத்தில் நிறுத்திவிட்டு கம்பியை மட்டும் கீழே விட்டான். நான் கம்பி நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வெட்டிக் கிடந்த மரத்தில் சங்கிலியைச் சுற்றி மாட்டி, ஒதுங்கி நின்று கையைத் தூக்கினேன். வண்டியிலிருந்த வின்ச் உருளை கம்பியைச் சுற்றி இழுத்து மரத்தை வண்டியின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இனிமேல் ரோடு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? அதுதான் கிடையாது. சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் போதும், லீவரைத் தட்டி கம்பியைத் தளர்த்திவிடுகிறான். மரம் பாதி வழியில் படுத்துக்கொள்கிறது. இவன் வெறும் வண்டியோடு மேலே ஏறி, நின்று, மறுபடியும் வின்ச்சைச் சுற்றி இழுக்கிறான். ஒரு மரத்துக்கு இத்தனை தடவையா?

என் வீட்டுக்காரர் ஓட்டின காலத்தில் மரத்தை வழியில் விட்டதே இல்லை.

"இவன் மரம் இழுக்கலை, தாலாட்டிக் கூட்டிட்டு வர்றான்" என்றார் ரம்பக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். கொழுந்தன் காதில் விழுந்திருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

கடையில் ஒரு அம்மா, முன்பின் தெரியாதவள், கையைப் பிடித்துக்கொண்டு "மலையிலயாம்மா போனார்?" என்று கேட்டாள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கட்டிலில், தூக்கத்தில் போனார். விடியும்போது எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். அந்த மலை இத்தனை வருஷமாகச் செய்யாததை ஒரு தலையணை செய்துவிட்டது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது கொழுந்தனிடம் சொன்னேன், "தம்பி, உங்க அண்ணன் சீட்ல உட்கார்ந்தா மட்டும் போதுமா?"

"அண்ணன் கை வேற, என் கை வேற அண்ணி."

"கைதான் பிரச்சனைன்னா சொல்லு, ரெண்டு வளையல் வாங்கித் தரேன்."

பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

வண்டி கவிழ்ந்துவிட்டது. கொழுந்தனுக்கு உயிர் இருக்கிறது. எழுத வரலை.

மார்ச் 13, வியாழன்

தோள் எலும்பும் இடது முன்கையும் முறிந்திருக்கின்றன. பெல்ட் போட்டிருந்ததால் டிரைவர் கூண்டுக்குள்ளேயே தொங்கினான். அவர் பெல்ட் போட்டதே கிடையாது. "என்னைக் கட்டி வச்சா எப்படி ஓட்டுறது" என்பார். நேற்று வண்டியில் அவர் இருந்திருந்தால் — வேண்டாம்.

எழுதிவிடுகிறேன். வேறு எங்கே சொல்வது?

பெரிய மரம். நடு ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றியது, ஆனால் நகரவில்லை. மரம் வண்டியைப் பின்னால் இழுக்க ஆரம்பித்தது. வண்டியின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அவன் கை லீவருக்குப் போனது. தட்டியிருந்தால் மரம் நின்றிருக்கும், வண்டி தப்பித்திருக்கும். அந்த நேரம் பார்த்து நான் கத்தினேன்: "விடாதே! விடாதே!"

கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குள் வண்டி குறுக்கே திரும்பிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

அவருக்கு நான் கத்துகிற வார்த்தை அது. வருஷக்கணக்காகக் கத்தினேன். "உன் சத்தம்தான்டி எனக்கு ரெண்டாவது இன்ஜின்" என்பார். வாய் பழக்கத்தில் கத்திவிட்டதா? அந்த இன்ஜின் புகையில் உள்ளே இருப்பது யார் என்று மறந்துவிட்டேனா? இல்லை, அவன்தான் என்று தெரிந்தே, இன்றைக்காவது இவன் அவர் மாதிரி இழுக்கட்டும் என்று கத்தினேனா?

எனக்கே தெரியலை. சத்தியமா தெரியலை.

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி. முதலாளி வந்திருந்தார். அந்த மரமெல்லாம் அவருடையது, வண்டி மட்டும் எங்களுடையது. "ஏம்ப்பா கம்பியை விடலை?" என்று கேட்டார். கொழுந்தன் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "கை எட்டலைங்க. என் தப்புதான்" என்றான்.

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன். சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரையெல்லாம்கூட ஒவ்வொன்றாக எடுத்தேன். 

அவன் மனைவி, என் ஓரகத்தி, அந்தச் சுளைகளை வாங்கி அவனுக்கு ஊட்டினாள்.

மார்ச் 25, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டு, வண்டி இனி ஆகாது என்றார். புதுசு வாங்க வேண்டும்.

ரம்பக்காரர் வாசலில் நின்றே பேசினார். "ஓட்டத் தெரியாதவன் கையில கொடுத்தா இப்படித்தான். முதலாளி வேற வண்டியும் டிரைவரும் தேடுறார். உன் வீட்டுக்காரன் இருந்தா இந்த நிலைமை வருமா?"

ஊரெல்லாம் அவனை ஓட்டத் தெரியாதவன் என்கிறது. அவன் பிழைப்பே போகப் போகிறது. நான் "உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றேன். தண்ணி கொடுத்தேனே தவிர உண்மையைக் கொடுக்கவில்லை. தூ, நானும் ஒரு மனுஷியா.

மார்ச் 26

அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். டீசல் வாசனைக்காக. இன்று முகத்தில் வைக்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டுப்போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தான். ஓரகத்தி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன். முறுக்கிப் பிழிந்துகொண்டே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, போர்வையைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அன்னைக்கே சொன்னார். யார்கிட்டயும் சொல்லாதே, அண்ணி பாவம்னார்."

இத்தனை நாளாக எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தது இவள்தான். தெரிந்துகொண்டே.

"ஏன்டி ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

போர்வையில் இனி பிழியத் தண்ணீரே இல்லை. இரண்டு பேரும் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கீழே நீங்க நிக்கிறதா இருந்தா நான் அவரை வண்டி ஏற விடமாட்டேன்."

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது.

ஏப்ரல் 4

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ரம்பக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி "சரிம்மா, போ" என்றார். ரம்பக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கே — வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஏப்ரல் 9, புதன்

வண்டி பார்க்கப் போனோம், மூன்று பேரும். கொழுந்தன் கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

விற்பனைக்காரர் பளபளவென்று ஒன்றைக் காட்டினார். பின்னால் நண்டுக் கொடுக்கு மாதிரி பெரிய இரும்புக் கவ்வி. மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் அதுவே கவ்வித் தூக்கிக்கொள்ளும். கம்பி கிடையாது, சங்கிலி கிடையாது. "ஆள் தரையில கால் வைக்கவே வேண்டாம்" என்றார்.

ஓரகத்தி முகம் மலர்ந்துவிட்டது. "இதுவே எடுத்துக்கலாம். கீழே யாரும் நிக்க வேண்டாம்ல?" என்னைப் பார்க்காமல் சொன்னாள். யாரைச் சொல்கிறாள் என்று வண்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கொழுந்தன் டயரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குத் தெரியும். சொன்னால் பெண்டாட்டி கோபப்படுவாள், சொல்லாவிட்டால் மலை கோபப்படும்.

இன்றைக்கும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "இது வேண்டாம்" என்றேன்.

"ஏன், உங்க இடம் போயிடும்னா?" ஓரகத்தி வெடுக்கென்று கேட்டாள்.

"போகட்டும். இனி நான் கீழே இறங்கலை. வேற ஆளை வச்சுக்கோங்க. ஆனா கவ்வி வண்டின்னா ஒவ்வொரு மரத்துக்கும் இவன் வண்டியோட சரிவுல இறங்கணும், நம்ம மலையில. கம்பி வண்டின்னா வண்டி மேலேயே நிக்கும். கம்பி மட்டும் இறங்கணும்."

விற்பனைக்காரர் தாடையைச் சொறிந்தார். "அவ்வளவு சரிவுன்னு நீங்க முதல்லயே சொல்லலையே. அப்ப கம்பிதான் சரி."

"ஆமாம்" என்றான் கொழுந்தன், அவளைப் பார்த்து. "எனக்கும் அதான் பயமா இருந்துச்சு."

அவள் பக்கத்திலிருந்த கம்பி வண்டியிடம் போனாள். பிறகு கம்பி வண்டிக்குள் தலையை நீட்டி, லீவர் எங்கே இருக்கிறது, உட்கார்ந்தபடியே கை எட்டுமா என்று கேட்டாள். கொழுந்தனை ஏறி உட்காரச் சொல்லி எட்டிப் பார்க்கவைத்தாள். நல்ல கையால் ஒரு தடவை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அவரோடு நின்ற இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. அதையும் நானே கொடுத்துவிட்டேன். கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி. என் கையிலிருந்து போனது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 30

முதலாளி அவனையே ஓட்டச் சொல்லிவிட்டார். கட்டு பிரித்தாயிற்று. கை மெலிந்து கிடக்கிறது. கீழே நிற்க ஆள் கிடைக்கவில்லை என்றார்கள்.

மே 20, செவ்வாய்

புது வண்டி மலை ஏறி இன்றோடு ஒரு வாரம்.

கீழே சங்கிலி மாட்டுகிறவள் ஓரகத்தி. வேறு யாரையும் நம்ப முடியாது என்று தானே இறங்கிவிட்டாள். புருஷனுடைய பழைய பூட்ஸில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வருகிறாள். நான் மேலே ரோட்டோரம், வந்து சேருகிற மரத்தைக் கழற்றி அடுக்குகிற வேலை. இங்கிருந்து சரிவு தெரியாது. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் நடுவில் தணியும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிடுவேன். பிறகு வின்ச் சுற்றுகிற சத்தம் வரும். மறுபடி அடுக்க ஆரம்பிப்பேன்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "என்னம்மா, உங்க டிரைவர் மரத்தோட சேர்ந்து தூங்கிட்டாரா?"

"வருவான். வர்றப்ப வரட்டும்" என்றேன்.

வந்தான். சங்கிலியைக் கழற்றப் போனேன். மரத்தின் நுனியிலிருந்து அளவாகத் தள்ளி, கொக்கி மேல்பக்கம் பார்க்க, இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். ஒரு வாரத்தில் இப்படி வராது. எனக்கு வந்ததில்லை.

"நல்லா மாட்டியிருக்கா" என்றேன்.

கொழுந்தன் இன்ஜினை அணைத்தான். கவிழ்ந்த நாளிலிருந்து இன்றுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க அண்ணி? அவ அங்கேதான் இருக்கா."

கையுறையை மரத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.