அண்ணே, நான் பாம்பு பார்க்கத்தான் போனேன்

மண்ணுக்குள் போன பிறகும் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிற என் அந்தோணி அண்ணனுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ பேர் கொடுத்து வைத்திருந்த அதே எட்டுப் பேர் குழுவில், உன் இடத்தில் நான் அமேசான் காட்டுக்குப் போய், பத்து நாள் இருந்துவிட்டு, திண்டுக்கல்லுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. என்னைக் கடித்ததெல்லாம் கொசுவும் எறும்பும்தான்.

இதைக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து முணுமுணுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஊரறியத்தானே உன்னைப் பற்றிப் பேசினார்கள்? நானும் ஊரறியவே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தாய். அது உன் பிழைப்பு. யார் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடினாய். அதற்கு ஒரு டீ வாங்கிக் குடித்ததோடு சரி. சாரையோ விரியனோ, அடித்துக் கொல்லாமல் பிடித்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே மலைக்கரட்டில் விட்டாய். உன்னால் பிழைத்த பாம்பு எத்தனை, பாம்பிடமிருந்து பிழைத்த ஆள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. நீயும் எண்ணவில்லை.

அன்றைக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்குள் நல்லபாம்பு. நீ போய்க் கொக்கிக் கம்பியால் எடுத்துப் பைக்குள் போட்டுக் கட்டியும் விட்டாய். வேலை முடிந்தது, அண்ணே. அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டார்கள். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லையாம். நீ பையை அவிழ்த்தாய். கொக்கிக் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெறுங்கையில் பிடித்தாய். எல்லார் கையிலும் போன் இருந்தது.

கடித்த பிறகும், பல் படவில்லை என்று சிரித்தாயாமே? பாம்பை மறுபடியும் பைக்குள் போட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கரட்டில் விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். உன் தங்கை அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனை பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றிய கை இது. கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா?

அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இருவர் உன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தபோது உன் இமை பாதி மூடியிருந்தது. கண்ணைத் திறக்கச் சொன்னேன். தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்கு அடியிலிருந்து பார்த்தாய். "நீ ரெண்டாத் தெரியுற பிலோ" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மருந்து ஏற்றினோம். குழாய் போட்டு மூச்சுக்கு மெஷினில் இணைத்தோம். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்த சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? சாத்தானோடு சகவாசம் வைத்தான், சாத்தான் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார். ஏவாள் காலத்திலிருந்தே அதுதானே பழக்கம் என்று இன்னொருவர் ஒத்து ஊதினார். முச்சந்தியில் உன் சேக்காளிகள் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். படமெடுத்த பாம்புக்குப் பக்கத்தில் நீ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறாய். கீழே ‘மாவீரன்’ என்று பெரிய எழுத்து. சித்தப்பா சொன்னதைக் கேட்டபோது எப்படி வயிறு எரிந்ததோ, அந்தப் பிளக்ஸைப் பார்த்தபோதும் அப்படியே எரிந்தது. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் உன் போனுக்குச் சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. காட்டுப் பயணங்களுக்குச் சிறு சிறு குழுவாக ஆள் சேர்த்து அனுப்புகிறவர். நீ முன்பணம் கட்டி ஒரு வருஷமாகக் காத்திருந்ததை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். விஷயத்தைக் கேள்விப்பட்டு வருந்தினார். கட்டியதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அந்த இடத்தில் நான் வரலாமா என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, அண்ணே. வாயிலிருந்து வந்துவிட்டது.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை வின்சென்ட், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அழவில்லை. "பாம்பு கடிச்சுச் செத்த வீட்டுல இருந்து, பாம்பு பாக்கப் போறியாக்கும்" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டது. அதோடு நான் கிளம்புகிறவரை பேச்சு இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு வெஞ்சனத்தைப் பக்கத்தில் நகர்த்திவிட்டுப் போய்விடும். ஆஸ்பத்திரியில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

ஆமாம், பாம்பு பார்க்கத்தான் போகிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். குருவி பார்க்க, ஆறு பார்க்க என்று பூசி மெழுகியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை நான் ஏன் கொடுக்க வேண்டும்? சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன். முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். கடைசியில் வின்சென்ட்தான் விமானநிலையம் வரை காரில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது தைலப் பாட்டில் ஒன்றை என் கைப்பையில் திணித்தார்.

நான்கு விமானம் மாறி, பெரு நாட்டில் ஓர் ஆற்றங்கரை ஊரில் இறங்கி, அங்கிருந்து அரை நாள் படகில் போனோம். தங்கும் இடம் தண்ணீருக்கு மேலே மரக்கால் ஊன்றிக் கட்டிய ஓலைக் குடில். ஆறு நம்மூர் ஆறு மாதிரி இல்லை. அக்கரை தெரியவில்லை. பால் குறைத்துப் போட்ட டீயின் நிறத்தில் தண்ணீர், வேரோடு பெயர்ந்த மரங்களை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போகிறது. மானாவாரி நிலத்தில் மழைக்கு அண்ணாந்து பார்க்கிற ஊர்க்காரி நான். முதல் நாள் பொறாமையாக இருந்தது.

எங்கள் வழிகாட்டியின் பேர் செகுந்தோ. நாற்பது வயதிருக்கும். அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர், ஓரளவு இங்கிலீஷ் பேசுவார். குழுவில் பாதிப் பேர் சென்னைக்காரர்கள். நம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பழனிச்சாமி. நல்ல மனுஷன். ஊரிலிருந்து கொண்டுவந்த தக்காளித் தொக்கை எட்டுப் பேருக்கும் பங்கு வைத்தார். திண்டுக்கல் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

இளஞ்சிவப்பு டால்பின் பார்த்தோம். ஒரு கிளையில் அரைநாளாக அசையாமல் தொங்கிய கரடி மாதிரி ஒன்றைப் பார்த்தோம், ஸ்லாத் என்று பேராம். அதன் சோம்பலைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையில் உன்னைப் பார்ப்பது போல இருக்கிறது என்று சிரித்தேன். எதைப் பார்த்தாலும் செகுந்தோ படகைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்.

நான்காம் நாள் காலையில், ஆற்றிலிருந்து பிரிந்து தேங்கிக் கிடந்த ஓர் ஏரிக்குள் போனோம். விழுந்து கிடந்த மரத்தின் மேல் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது, அண்ணே. அனகொண்டா. பதினைந்து அடிக்குக் குறையாது. என் தொடையைவிடத் தடிமன். நடுவில் வயிறு உப்பி இருந்தது. செகுந்தோ மோட்டாரை நிறுத்திவிட்டு மெல்லிய குரலில் விளக்கினார். இரை எடுத்திருக்கிறது, இப்போது தொந்தரவு செய்தால் விழுங்கியதைக் கக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும், மறுபடி எப்போது இரை கிடைக்குமோ தெரியாது.

தலை சுருளுக்குள் இருந்தது. கால் மணி நேரம் பார்த்தார்கள். பிறகு படகில் சலசலப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, இத்தன தூரம் வந்துபோட்டு தலையக்கூடப் பாக்காமப் போறதுங்களா? கம்புல லேசா ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்க" என்றார் பழனிச்சாமி. சென்னைக்காரர் ஒருவர் அதை இங்கிலீஷில் செகுந்தோவிடம் கேட்டார். செகுந்தோ தலையை ஆட்டி மறுத்தார். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒரே ஒரு தடவை என்றார்கள். எல்லார் கையிலும் போன் ஏறிவிட்டது. போகிறவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதினால்தானே அந்த மனுஷனுக்கு அடுத்த வேலை? எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டார். படகு மரத்தை நோக்கி நகர்ந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். படகு ஆடியது. உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். கிட்டப் போகக் கூடாது என்றேன். பாம்புக்குப் பயமா என்று யாரோ கேட்டார்கள்.

"எங்கண்ணன் இப்பிடித்தான் செத்துச்சு" என்றேன். "வேலையெல்லாம் முடிஞ்சுருச்சு. இன்னொரு தடவ காட்டுன்னு கேட்டாக. அது காட்டுச்சு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் செகுந்தோவுக்கும் சொன்னேன். அவர் துடுப்பை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். பழனிச்சாமி என் பக்கம் திரும்பி, "குஜிலியம்பாறைப் பக்கமுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்த வீடியோவ நானும் பாத்தேனுங்கம்மா. பத்துப் பேத்துக்கு அனுப்பியும் விட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அனுப்பியவர் ஒருவரா, இருவரா?

கோபம் உன் மேல்தான் வந்தது. அந்த ஏரியில், அந்த வெயிலில், நீ போன பிறகு முதல் முறையாக உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். சாத்தானும் இல்லை, வீரமும் இல்லை. பத்துப் பேர் கேட்டார்கள், உன்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். பாம்புக்குப் பயப்படாத நீ, கேட்டவர்கள் முகம் வாடிவிடுமே என்று பயந்தாய். அதற்காக என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் போனாயே, இது நியாயமா?

இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் உடம்பு மூச்சுக்கு மெல்ல ஏறி இறங்கியது. கறுப்பு வட்டங்கள், ஓரத்தில் மஞ்சள், ஈரம் காய்ந்த பிறகும் எண்ணெய் பூசினாற்போல் ஒரு மினுக்கம். கரையோரப் புதரில் கொண்டை வைத்த பறவைகள் புஸ் புஸ்ஸென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பிறகு, யாரும் தட்டாமலே, அது தலையைத் தூக்கியது. நாக்கை இரண்டு தடவை நீட்டி எங்கள் பக்கம் காற்றை ருசி பார்த்தது. வேலைக்காகாத கூட்டம் என்று முடிவு செய்தாற்போலத் தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. பழனிச்சாமி கையைக் கட்டிக்கொண்டு, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகு, அண்ணே. அம்புட்டு அழகு. நீ ஏன் அந்தச் சனியன்கள் பின்னால் ஓடினாய் என்று எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் விளங்கியது. அதற்கு முப்பது அடி தூரம் போதுமாக இருந்தது.

திரும்பி வந்த அன்றைக்கு அம்மா என் காலைத்தான் முதலில் பார்த்தது, இரண்டு காலையும். பிறகு, பாத்தியா என்றது. பார்த்தேன் என்றேன். அது ஒன்றும் செய்யவில்லையா என்றது. நாங்கள் கிட்டப் போகவே இல்லை என்றேன். அம்மா முந்தானையை விரலில் சுற்றியது. "அவனும் கிட்டப் போகாம நின்னுருக்கலாம்ல" என்றது. நீ போன பிறகு உன்னைப் பற்றி அம்மா வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். அப்புறம்தான் அழுதது. நானும் உட்கார்ந்து கூடவே அழுதேன்.

போன வாரம் நானும் வின்சென்ட்டும் போய் அந்தப் பிளக்ஸைக் கழற்றினோம். உன் சேக்காளிகள் ஓடிவந்து சண்டை போட்டார்கள். மாவீரனை அவமதிக்கிறேனாம். அவர்களில் இரண்டு பேர் இன்னும் பாம்பு பிடிக்கப் போகிறார்கள். அவர்களை நிற்க வைத்து, உனக்கு நடந்ததை மணிக் கணக்கோடு சொன்னேன். எத்தனை மணிக்குக் கடி, எத்தனை மணிக்குக் கரடு, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி, எந்த நேரத்தில் இமை விழுந்தது, எப்போது மூச்சு நின்றது. ஒருவன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா வீட்டுக்கும் போனேன். அவரிடமும் அதே கணக்கைத்தான் சொன்னேன். இதில் சாத்தான் எந்த நிமிஷத்தில் வந்தது என்று காட்டச் சொன்னேன். காபி சாப்பிடச் சொன்னார். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஆகவே, உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். உன் சாவைப் பாவம் என்று சொல்ல ஒருத்தரையும் விடமாட்டேன். வீரம் என்று சொல்லவும் விடமாட்டேன். நீ எப்படிச் செத்தாய் என்பதை உள்ளது உள்ளபடி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்வேன். பாம்பு பிடிக்கிறவனிடம் இன்னொரு தடவை காட்டு என்று கேட்க இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வாயும் கூசும்வரை சொல்வேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத, இனியும் கேட்கப்போகாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பிலோமினா