திருப்பித் தட்டாத சுவர்

ஜனவரி 9, வியாழன்

இன்று சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். 'எங்கள் வீட்டில் நடந்தது.' மூன்றே சொற்கள்தான்.

வானொலிக்காரர் நல்லவர். ஒலிப்பதிவுக்கு முன் தண்ணீர் கொடுத்தார், என் நாற்காலியின் உயரத்தைக் குனிந்து சரிசெய்தார். பிறகு எல்லாரும் கேட்பதையே அவரும் கேட்டார். "இந்தப் பேய்க்கதை உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சது?"

"கனவுல வந்துச்சு" என்றேன்.

என்ன ஒரு சோம்பேறிப் பொய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதிப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெளியே வந்ததும், "கனவு அருமைம்மா. இனிமே யார் கேட்டாலும் கனவுன்னே சொல்லுங்க. கனவுக்கு யாரும் சாட்சி கேட்க மாட்டாங்க" என்றார்.

'ஒன்பதாம் எண் வீடு' என்ற என் படக்கதை ஐந்து இதழ்கள் வந்துவிட்டன. இதழுக்கு ஒரு குடித்தனம். பூட்டிக் கிடக்கும் அறையின் சுவரிலிருந்து மூன்று தட்டு கேட்கும். வந்தவர்கள் முதலில் எலி என்பார்கள், அப்புறம் தண்ணீர்க் குழாய் என்பார்கள், அப்புறம் எதுவுமே சொல்லமாட்டார்கள். ஆறாவது இதழோடு கதை முடிகிறது. முடிவு தயார் என்று பதிப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது இன்றைய இரண்டாவது பொய்.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவின் தொலைபேசி. வாரம் தவறாமல் ஏழு நிமிடம்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"அந்தப் பேய்ப் புத்தகம் இன்னும் வருதா?"

"வருது."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான்கு வருடமாகக் கேட்டதில்லை. அண்ணன் வீட்டுக்கே குடிபோய்விட்ட பிறகு அம்மா என்னோடு பேசுவதெல்லாம் இந்த அளவுதான். புத்தகத்தை அவள் கண்ணில் காட்டவேண்டாம் என்று அண்ணனிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். "நாடகத்துல கதவு கிரீச்சிட்டாலே எழுந்து போற ஆளு. நான் எதுக்குக் காட்டப்போறேன்" என்று சிரித்தான்.

ஜனவரி 13, திங்கள்

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மதிய இடைவேளையில் நான்காவது இதழைப் படித்துக்கொண்டிருந்தார். நானும் அவரும் ஆறு வருடமாக ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துணி துவைக்கும் இயந்திரங்களின் கையேடுகளுக்குப் படம் வரைகிறோம். எந்தத் திருகு எந்தத் துளையில் போகும் என்று அம்புக்குறி போடுகிற வேலை. புத்தகத்தில் என் புனைபெயர்தான் இருக்கிறது.

"இதை வரைஞ்சவன் எவனோ, வீட்ல வாயே திறக்கமுடியாத ஆளு போல. எல்லாரும் வாயை மூடிக்கிட்டே சாகுறாங்க" என்றார்.

"அப்படியா சார்?" என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

பதிப்பாளர் ஒரு கட்டைப் பிரித்து மேசையில் கொட்டினார். பக்க அடையாள அட்டைகள். கறுப்பு அட்டையில் சிவப்பு எழுத்து:

ஒன்று — தண்ணீர்.
இரண்டு — வா.
மூன்று — சும்மா.

இரண்டாம் இதழில் ஒரு குடித்தனக்காரர் அலமாரியில் கண்டெடுக்கும் துண்டுச் சீட்டில் நான் எழுதியது. "இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளயும் ஒண்ணு சொருகிடலாம்" என்றார். தலையாட்டினேன்.

அது அப்பாவுடையது. பக்கவாதம் வந்து பேச்சு போனபிறகு, அசைகிற கையில் இருந்த மோதிரத்தால் சுவரில் தட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரும் நானும் ஒரு மதியம் உட்கார்ந்து அர்த்தம் பிரித்தோம். மூன்றுக்கு என்ன வைப்பது என்று தெரியவில்லை. அப்பா தோளைக் குலுக்கினார். "சும்மாவா?" என்று கேட்டேன். அழுத்தமாகத் தலையசைத்தார். அன்றிலிருந்து மூன்று என்றால் சும்மா. நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்களா, அவ்வளவுதான். வீட்டில் யார் இருந்தாலும் பதிலுக்கு மூன்று தட்டவேண்டும். அதுதான் விதி.

இந்த உலகத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை அட்டையில் அச்சடித்தாயிற்று. ஏன் அதையே அப்படியே போட்டேன்? ஒரு பேய் தன்னைத் தெரிவித்துக்கொள்ள வேறு வழியா இல்லை? கற்பனைக்காரி என்று பெயர் வேறு.

பிப்ரவரி 1, சனி

புத்தகக் கண்காட்சி. பதிப்பாளர் கடைக்குள் ஒட்டுப்பலகையால் ஒரு சுவர் எழுப்பி, சுண்ணாம்பு உதிர்ந்தது போல வண்ணம் பூசி வைத்திருந்தார். சுவருக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து தட்டவேண்டும். கூலிக்கு வைத்த ஆள் வரவில்லை.

"நானே உட்கார்றேன் சார்" என்றேன்.

"நீங்க எழுத்தாளர்ம்மா. முன்னாடி உட்கார்ந்து கையெழுத்துப் போடணும்."

"கையெழுத்து கேட்டு யாராவது வந்தா கூப்பிடுங்க."

யாரும் வராததால் யாரும் கூப்பிடவில்லை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்ப் புட்டி. பலகை இடுக்கில் கால்கள் மட்டும் தெரியும். கால்கள் நெருங்கும்போது தட்டுவேன். சிறுமிகள் கத்திவிட்டு ஓடுவார்கள், ஓடிய வேகத்தில் திரும்பி வருவார்கள். ஒருவர், "சுவர் சரியப்போகுது, வா" என்று மனைவியை இழுத்துக்கொண்டு போனார். சிரிப்பு வந்தது. மூன்று மணிக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டினால் நிற்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். விரல் முட்டி சிவந்துவிட்டது. அப்பாவுக்கும் சிவந்திருக்கும். மோதிரம் இருந்ததால் நான் பார்த்ததில்லை.

நான்கரை இருக்கும். வெள்ளைக் காலணி. தட்டினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு வந்தது.

முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வெளியே போனேன். சீருடையில் ஒரு நர்ஸ், பணி முடிந்து வந்திருப்பாள். முதல் இதழைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்கதான் தட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"யாரோ தட்டுறாங்க, பதிலுக்குத் தட்டாம எப்படிப் போறது? எங்க வார்டுல அது பழக்கமாயிடுச்சு." பிறகு புத்தகத்தை ஆட்டிக் கேட்டாள். "இதுல அஞ்சையும் படிச்சிருக்கேன். ஏங்க, கதைல ஒருத்தர்கூடவா திருப்பித் தட்டல?"

"தெரியல" என்றேன். அது பொய் இல்லை என்று எழுதவந்தேன். இல்லை, அதுவும் பொய்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதற்காகத்தானே இந்த நோட்டு.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிறு மதியம் இரண்டு மணி சுமாருக்கு. ஒரு சிறுவர் புத்தகத்துக்காக இருட்டுக் காடு வரைந்துகொண்டிருந்தேன். பெரிய கறுப்புப் பரப்பு. தூரிகையால் மை நிரப்பும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. ஈரமான ஓரம் காய்ந்துவிடும், மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு விழும். பக்கத்து அறையிலிருந்து அப்பா மூன்று தட்டினார். காதில் விழுந்தது. ஒன்றாக இருந்தால் எழுந்திருப்பேன். இரண்டாக இருந்தால் ஓடியிருப்பேன். மூன்றுதானே, சும்மாதானே, இந்த மூலையை முடித்துவிட்டுத் தட்டலாம் என்று நினைத்தேன். மூலை முடிந்தது. அடுத்த மூலை இருந்தது.

மூன்று மணிக்கு அம்மா தேநீரோடு உள்ளே போனாள்.

டாக்டர், தூக்கத்திலேயே போயிருக்கிறார், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். காப்பாற்றியிருக்கலாம் என்று நானும் நினைக்கவில்லை. நான் நினைப்பது வேறு. தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார்? மூன்று தட்டு தட்ட எவ்வளவு நேரமாகும்? நான் பயந்த அந்தக் கோடு, கணினியில் ஒரு நிமிடத்தில் அழிக்கக்கூடியது.

அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து இதழ் வரைந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆறாவது இதழுக்கு நான்கு முடிவுகள். நான்கும் குப்பையில்.

பிப்ரவரி 19, புதன்

பதிப்பாளர் தானே ஒரு முடிவோடு வந்தார். சுவர் வெடிக்கிறது, பேய் வெளியே வருகிறது, இரண்டு பக்கம் முழுக்க ரத்தம். "கையை மட்டும் காட்டிப் பேயை மறைச்சே வச்சா படிக்கிறவன் ஏமாந்துடுவான்மா. அஞ்சு இதழா காத்திருக்கான்." யோசிக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அண்ணன் அழைத்தான். குரலிலேயே தெரிந்தது. அவன் நண்பனுக்குக் கொடுக்க ஒரு கட்டு வாங்கி மேசையில் வைத்திருக்கிறான். தூசு தட்டும்போது உள்ளிருந்த அட்டை அம்மா காலடியில் விழுந்திருக்கிறது.

"படிச்சாங்களா?"

"அட்டையைப் படிச்சாங்க. அப்புறம் அஞ்சு புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. ரெண்டு நாளா யார்கிட்டயும் பேச்சில்ல. அதுல அப்படி என்னதான் போட்டிருக்க நீ?"

நான்தான் காட்டாதேன்னு சொன்னேன்ல. எத்தனை வாட்டி சொன்னேன். அவன் மேல என்ன தப்பு. ஊர் முழுக்க அட்டை அடிச்சுக் கொடுத்தது நான், வீட்டுக்குள்ள வராதுன்னு நினைச்சதும் நான். இப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அஞ்சு இதழ்லயும் ஒருத்தி கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கா. எல்லா முகமும் என் முகம்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா அழைக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் இல்லை. நான் அழைக்கலாம். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, துவைக்கும் இயந்திரத்தின் வடிகுழாயை வரைந்து முடித்தேன். அழைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

அலுவலக நேரத்தில் அம்மாவின் பெயர் திரையில் வந்தது. மாடிப்படிக்கு ஓடினேன். அங்கே யாரோ வைத்துவிட்டுப் போன துடைப்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா 'சாப்பிட்டியா' என்று தொடங்கவில்லை.

"அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"நீ தட்டலையா?"

"தட்டல."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "பாத்திரம் விளக்கிக்கிட்டிருந்தேன், கையெல்லாம் சோப்பு. நீ தட்டிடுவேன்னு விட்டுட்டேன். அப்புறம் நீ தட்டித்தான் இருப்ப, குழாய்ச் சத்தத்துல எனக்குக் கேட்கலன்னு நினைச்சுக்கிட்டேன். நாலு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உன்கிட்ட கேட்டா இல்லன்னு சொல்லிடுவியோன்னு கேட்கல."

"அதனாலதான் அண்ணன் வீட்டுக்குப் போனியா?"

"அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு எப்படி இருக்கிறது?" பிறகு, "உன்னைப் பார்த்துக்கிட்டும்" என்றாள்.

நான் அழுதேன். அம்மா அழவில்லை. மூக்கைச் சிந்து என்றாள்.

மார்ச் 15, சனி

அம்மா வந்திருக்கிறாள், ஒரே ஒரு பையோடு. பழைய வீட்டை விட்டபின் நான் வாடகைக்கு எடுத்த ஓர் அறையையும் ஒரு சமையலறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேய் வந்தாக்கூட உட்கார இடமில்லையே" என்றாள்.

பையில் ஐந்து இதழ்களும் இருந்தன. கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றாவதைத் திறந்து ஒரு கட்டத்தில் விரல் வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு அசைஞ்சது இடது கை. நீ வலது கையில மோதிரம் போட்டிருக்க."

பார்த்தேன். ஆமாம். ஐந்து இதழிலும் வலது கை. நான்கு வருடம் ஒரே கையை நினைத்துக்கொண்டிருந்தேன், அதிலும் தப்பு.

"ஆறாவதுல மாத்திடு" என்றாள், உப்பு குறைவு என்று சொல்வது போல.

மார்ச் 16, ஞாயிறு

மதியம். பதினெட்டாம் பக்கம், பூட்டிய அறையின் உட்புறம், முழுக் கறுப்பு. பாதி நிரப்பியிருந்தேன். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம், பாத்திரச் சத்தம். குழாய் நின்றது.

மூன்று தட்டு.

தூரிகையை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் மூன்று தட்டினேன். அந்தப் பக்கம் குழாய் மறுபடி ஓடியது.

திரும்பி வந்தபோது ஓரம் காய்ந்திருந்தது.

ஜூன் 14, சனி

ஆறாவது இதழ் வந்து இரண்டு வாரம். சுவர் வெடிக்கவில்லை. கடைசிக் குடித்தனக்காரி திருப்பித் தட்டுகிறாள், அதோடு கதை முடிகிறது. "பேய்க்கே மரியாதை பண்ணி அனுப்பிட்டீங்களேம்மா" என்று பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். மற்ற ஐந்தைவிட இது குறைவாகத்தான் விற்கிறது. நர்ஸ் வாங்கினாளா, தெரியாது.

அம்மா ஏப்ரலில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்போதும் ஏழெட்டு நிமிடம்தான். அறை பழையபடி அமைதியாக இருக்கிறது.

பதினெட்டாம் பக்கத்தில் அந்தக் கோட்டை நான் அழிக்கவில்லை. கறுப்பின் நடுவில், மேலிருந்து கீழாக, அப்படியே அச்சாகியிருக்கிறது. அச்சுப் பிழை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள்.