பொருக்குப் பனி

எஸ்கெல்,
ஜூன் 24, 2011

என் கருப்பிக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் நம் ஜூன், ஜூலைக் குளிர் வருவதற்கு முன்பே வந்து சொல்லிவிடுகிறது.

ஒலெகாரியோவின் பனிவண்டியில் மாவு மூட்டையோடு நீளமாக ஒரு பொட்டலமும் வரும். பிரித்துப் பார். நான் செய்த ஸ்கீ, பனிச்சறுக்குப் பலகை. என் சொந்த அச்சில் வார்த்த முதல் ஜோடி. முன்னும் பின்னும் படகு மூக்கு மாதிரி மேலே வளைத்திருக்கிறேன். நுனிகள் இளக்கம், கால் நிற்கும் இடம் விறைப்பு. அகலம் நான்கு விரலுக்குக் கொஞ்சம் கூட. இந்த ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு மலை முழுக்க, எந்தப் பனியிலும் விளையாட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மேசையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன், தட்டிக் கேட்டேன். ஸ்கீயைக் கையால் அறிந்துகொள்ள முடியாது. என் காலுக்கு இனி அந்த யோகம் இல்லை என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. ஆகவே உன் கால்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பனியிலும் ஓட்டிப் பார்த்து உள்ளபடி எழுது. என் முகத்துக்காக எழுதாதே.

ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் அந்த மலை விடுதியைப் பார்த்துக்கொள்ளப் போனாய். இது இரண்டாவது. ரேடியோவில் கூப்பிட்டால் வானிலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன்,
ஃபௌஸ்தினோ

---

மலை விடுதி,
ஜூலை 8

என் கிழவனுக்கு,

பொட்டலத்தை இறக்கும்போதே ஒலெகாரியோ ஆரம்பித்துவிட்டான். "ஏன்க்கா, ஊர்ல மத்தவனெல்லாம் பொண்டாட்டிக்கு மோதிரம் அனுப்புறான். உங்காளு பலகை அனுப்பியிருக்காரு!"

"மோதிரத்த மாட்டிக்கிட்டு சறுக்க முடியாதுடா" என்றேன்.

"அதுவும் சரிதான். ஆனா பலகைய மாட்டிக்கிட்டு வீட்டுக்கு எறங்கிப் போகலாம்ல?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாத்தே தேநீரை உறிஞ்சினான்.

சரி, ஸ்கீ. முழங்கால் ஆழப் புதுப்பனியில் நுனி மூழ்கவே இல்லை. கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிதான். லெங்கா மரங்களுக்கு நடுவே, திரும்ப வேண்டும் என்று நான் நினைப்பதற்குள் திரும்பிவிடுகிறது. சின்ன மேடு கிடைத்தால் போதும், துள்ளுகிறது. ஓர் இடத்தில் பின்பக்கமாகவே இறங்கினேன், நாற்பத்தாறு வயதில்! பார்க்கத்தான் ஆளில்லை.

காற்று அள்ளிக் கொட்டிய கட்டிப் பனியை உடைத்துக்கொண்டு போகிற கனம் இதற்கு இல்லை. மேலே தாவித் தாவித்தான் போகும். தாவத் தெரிந்தால் சுகம். காலையில் பாதை கண்ணாடியாக இறுகிக் கிடக்கும் அல்லவா, அங்கே மெதுவாகப் போனால் விளிம்பு நன்றாகப் பிடிக்கிறது. வேகம் கூடினால் நுனி இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. முகத்துக்காக எழுதாதே என்றாய். எழுதவில்லை.

இந்த வாரம் விடுதியில் யாரும் இல்லை. ஓர் ஆளுக்கு மட்டும் சூப் வைக்க எனக்கு இன்னும் கைவரவில்லை.

உன்,
எர்மெலிந்தா

---

எஸ்கெல்,
ஜூலை 19

என் கருப்பிக்கு,

படபட என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டாய், அன்றிலிருந்து என் காதில் அந்தச் சத்தம்தான். நீ முன்னால் சாயாமல் நின்றிருப்பாய். எப்போதும் அப்படித்தான். சரி, சண்டை வேண்டாம். நுனிக்கு அந்த இளக்கத்தைக் கொடுத்தது நான். புதுப்பனியில் துள்ளுகிறதென்றால் கெட்டிப் பனியில் கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். பொருக்குப் பனி. பகல் வெயில் உருக்கி, ராக்குளிர் இறுக்கி, மேலே ஓடு கட்டி நிற்குமே, அது. தாங்குகிற மாதிரி தாங்கிவிட்டு, சட்டென்று உடைந்து காலை விழுங்குமே, அது. அதில் ஓட்டாமல் இந்த ஸ்கீயைப் பற்றி எனக்கு எதுவும் முடிவாகாது. ஆகஸ்டில் வடக்குச் சரிவில் கிடைக்கும். எந்தச் சரிவு என்று உனக்கே தெரியும்.

ரொட்டிக்கடை ரமோனா, "அவ எப்ப வர்றா?" என்று கேட்டாள். "பனி முடிஞ்சதும்" என்றேன். "போன வருஷமும் இதையேதானய்யா சொன்னே" என்றாள்.

உன்,
ஃபௌஸ்தினோ

---

மலை விடுதி,
ஆகஸ்ட் 10

என் கிழவனுக்கு,

போனேன். அந்தச் சரிவுக்கேதான்.

மேலே ஒரு மணி நேரம் நின்றேன். கம்பால் குத்தினால் ஓடு உடைந்து, கம்பு பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. திரும்பி நடந்துவிடலாம் என்று இரண்டு முறை ஸ்கீயின் பூட்டைக் கழற்றினேன். பிறகு இறங்கினேன். முதல் திருப்பத்தில் ஓடு உடைந்தது. உன்னைப் பிடித்த மாதிரி என்னையும் பிடிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிடிக்கவில்லை. நுனி தானாக மேலே எழும்பி வந்தது. வால் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்துவிட்டது. பதினோரு திருப்பம், ஒன்றிலும் சிக்கவில்லை. கீழே வந்து உட்கார்ந்து அழுதேன்.

ஃபௌஸ்தினோ, எந்த நாளுக்காக நீ இதைச் செய்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

"பனி நல்லாத்தான் இருக்கு, எறங்கு" என்று அன்று சொன்னது நான். நீ இறங்கினாய். முழங்கால் முறுக்கிக்கொண்டு நீ கத்தியது இன்னும் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. நீ நொண்டி நொண்டிப் பட்டறைக்குப் போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, முடியாமல்தான் இங்கே ஏறி வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, பதினெட்டாம் தேதி, ஒலெகாரியோ வண்டியில் வா. முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார இடம் இருக்கிறது. கொழுப்பில் பொரித்த ரொட்டி போடுகிறேன். வந்து என்னை நேரில் திட்டு.

உன்,
எர்மெலிந்தா

---

எஸ்கெல்,
ஆகஸ்ட் 19

எர்மெலிந்தா,

ஒலெகாரியோ உன்னிடம் நான் வரவில்லை என்று சொல்லியிருப்பான். சொல்லச் சொன்னது நான். அவனைத் திட்டாதே.

வந்தேன். ஓடை வளைவு வரைக்கும் வந்தேன். வண்டியை எதிர்கொள்ள நீ எதிர்ச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாய். மேட்டில் ஏறித் துள்ளினாய், பின்பக்கமாகத் திரும்பினாய், "ஊ" என்று கூவினாய். அந்தக் கூவலை நான் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"அண்ணே, பாத்தீங்களா, அக்கா பறக்குறாங்க!" என்றான் ஒலெகாரியோ.

"நிறுத்துடா. என்ன எறக்கி விடு" என்றேன்.

அவன் திரும்பி வரும்வரை வளைவில் உள்ள காவலர் குடிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. அந்தப் பொறாமையோடு உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று ஓடு உடைகிற சத்தம் என் காலடியில் முதல் திருப்பத்திலேயே கேட்டது. நின்றிருக்கலாம். நீ மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். பெண்டாட்டி பார்க்கும்போது பாதியில் நிற்க மனம் வரவில்லை. நீ சொன்னதால் நான் விழவில்லை. எனக்கு இது அன்றைக்கே தெரியும்.

தெரிந்தும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாரம் உன் மேல் இருக்கிறவரைக்கும் இந்த நொண்டியை விட்டு நீ போகமாட்டாய் என்று நினைத்தேன். அதுதான் உன்னை விரட்டியது என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

திட்ட வேண்டியவள் நீ.

ஃபௌஸ்தினோ

---

மலை விடுதி,
செப்டம்பர் 14

ஃபௌஸ்தினோ,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் கோபம் இருந்தது. அதில் விறகு முழுவதையும் பிளந்து போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் கோபமும் இல்லை. மூன்று வருடம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு உள்ளே தேடினால், உன்னோடு என்னைக் கட்டி வைத்திருந்தது வேறு எதுவும் அகப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உன் மேல் வெறுப்பு இல்லை. நீ எழுதாமலே இருந்திருக்கலாம், எழுதினாய். அதற்கு நன்றி. ஆனால் பனி முடிந்ததும் வருவேன் என்று ரமோனாவிடம் இனிச் சொல்லாதே. கோடைக்கும் இங்கேயே இருக்கச் சொல்லி விடுதிக்காரர்கள் கேட்டார்கள். சரி என்றுவிட்டேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடத்தை விட்டுவிடாதே.

ஈரப்பனி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இன்று மதியம் நல்ல வெயில். பனி குழைந்து, கூழ் மாதிரி கிடந்தது. மூன்று முறை இறங்கினேன். ஒட்டவில்லை, இழுக்கவில்லை, எங்கே சாய்ந்தாலும் கூடவே சாய்ந்து வருகிறது. நல்ல ஸ்கீ, ஃபௌஸ்தினோ. யாருக்கு வேண்டுமானாலும் நம்பிச் செய்து கொடு.

மூன்றாவது முறை கீழே வந்து நின்று திரும்பிப் பார்த்தேன். சரிவு முழுக்க என் தடம் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எர்மெலிந்தா